வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்

ஒரு டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அவருடைய வகுப்பு நிறையுமா, காலியாகுமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பனச்சமூட்டுக்கு அருகே ஒரு மேட்டின்மேல் இருக்கும் அரசு எல்.பி. பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்த கோமளவல்லி டீச்சரும் வெகுகாலம் அதை யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டி வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இப்போது அவர் ஒற்றசேகரமங்கலம் பக்கத்தில் வேறொரு பள்ளியில் இருக்கிறார். பழைய பள்ளியில் தமிழ் டிவிஷன் இல்லை. அதை மூடியது யார் என்று பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் கேட்டால், அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு, அதாவது பி.டி.ஏ.வுக்கு, பிரசிடண்டாக இருந்த அனில்குமார் என்பார்கள். ரப்பர் வெட்டுகிறவர்களின் வீடுகளில் கேட்டால் கோமளவல்லி டீச்சர் என்பார்கள். நந்தனா என்ற பிள்ளையின் அம்மா ஜீனா, இன்றும் டீச்சரை எங்காவது கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு பதில்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல.

எல்.பி. பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை. மலையாளத்துக்கு ஒரு டிவிஷன், தமிழுக்கு ஒரு டிவிஷன். மேட்டிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அடுத்த மாநிலம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும் என்று வாழ்கிற மக்கள். கோமளவல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு அறைகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் கல்லுடைக்கிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சு. பள்ளியை விட்டு முதலில் போனவர்கள் டீச்சருடைய சொந்தக்காரர்கள்தான். தாத்தா காலத்தில் அரசுக் கச்சேரிகளில் குமாஸ்தாக்களாக இருந்த சைவக் குடும்பங்கள், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பின. அடுத்து கடைக்காரர்கள். அதற்கடுத்து, ஆட்டோவுக்குக் கொடுக்க முடிந்தவர்கள். ஒரு அரசுப் பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த ஊரில் யாருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துவிடும் என ஒருவர் சொல்லலாம். பெரும்பாலும் சரிதான். கோமளவல்லியின் வகுப்பில் மட்டும் அது சரியாக இருக்கவில்லை. அவருடைய ஒன்றாம் வகுப்புக்கு, வேறு வழி உள்ளவர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

காரணம் பஸ் போர்டு. வாரத்தில் ஒரு நாள் அவர் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகப் பனச்சமூடு ஜங்ஷனுக்கு நடத்திக்கொண்டு போவார். இரண்டு மாநிலத்துப் பஸ்களும் அங்கே வரும். ஒன்றில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும், இன்னொன்றில் மலையாளத்தில் இருக்கும். பஸ் நிற்கிற அரை நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். பஸ் நகர்வதற்குள் வாசித்தவர் ஜெயித்தார். டிரைவர்கள் சிலர் பிள்ளைகளுக்காக ஒரு மூச்சு கூடுதலாக நிறுத்துவார்கள். பாறசாலை, வெள்ளறட, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கத்திக் கத்தி, இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் இரண்டு எழுத்தும் தடையில்லாமல் வாசித்தார்கள். இங்கிலீஷ் எழுத்தும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருடம் மாவட்டத்திலிருந்து சோதிக்க வந்தவர்கள் வாசிப்பில் சப்ஜில்லா என்கிற அந்தக் கல்வி வட்டத்திலேயே முதலிடம் அந்த வகுப்புக்குத்தான் என்று எழுதிப்போனார்கள்.

அடுத்த வருடம் அதே வகுப்பு கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. "என்ன டீச்சர் ஆச்சு?" என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வாசித்தவர்கள் மூன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்தார்கள். மீதியிருந்தவர்களை வைத்துச் சதவீதம் போட்டார்கள். சதவீதம், போனவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவரைப் புகழ நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பஸ் போர்டு விளையாட்டு வேகமுள்ள பிள்ளைகளின் விளையாட்டு. முன்வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள், டீச்சரின் முகம் மலரும். நந்தனா எப்போதும் பின்னால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடமாகியும் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊர்ப்பெயர் சொல்வாள். டீச்சர் அவளைத் திட்டியதில்லை. ஆனால் அவளுக்காகப் பஸ் போர்டை விட்டு வேறு ஒரு வழியும் யோசித்ததில்லை.

மே மாதம் வந்தால் அரசுப் பள்ளி டீச்சர்கள் வீடுவீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்பார்கள். கேலியாக அதைப் பிள்ளைபிடி என்பார்கள். "எம்மோ, பிள்ளபிடிக்காரி வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு குழந்தைகள் ஓடி ஒளியும். கோமளவல்லிக்கு இந்த வேலையில் துணை அனில்குமார். அவருடைய முதல் வருடத்து மாணவன். ஜீப் ஓட்டுகிறவன். மகள் அனகாவைத் தமிழ் டிவிஷனிலேயே சேர்த்ததால் பி.டி.ஏ. பிரசிடண்ட் ஆனவன். மேடும் பள்ளமுமான வழிகளில் டீச்சரை ஏற்றிக்கொண்டு போவான். வாசலில் நின்று, பள்ளி இருக்கும் மேட்டைக் காட்டி, "எனக்க மவளே அஞ்சதான் படிக்கா, பெறவு உங்களுக்கு என்ன?" என்பான். அந்த ஒரு வாக்கியம் டீச்சரின் அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் வேலை செய்தது.

டிவிஷன் மூடிய வருடத்து மே மாதத்தில்தான் ஜீனா தயங்கினாள். அவளுடைய கணவன் ரப்பர் வெட்டுவதற்காக எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவன்.

"அவருக்க அம்மைக்க ஊர்ல ஸ்கூல்ல காலம்பற திங்கவும் குடுக்காவ டீச்சர். நந்தனாவ அஞ்ச கொண்டு விட்டா என்னன்னு நினைக்கேன்" என்றாள்.

"திங்கக் குடுப்பாவ. வாசிக்க வைப்பாவளா?" என்றார் கோமளவல்லி. "நீ பிள்ளைய இஞ்ச விடு. அவள வாசிக்க வைக்கியது எனக்க பொறுப்பாக்கும்."

ஜீனா அதை நம்பினாள். அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. மகளுக்கும் அப்படித்தான்.

தமிழ் டிவிஷன் நிற்பது ஒரு நாளைப் பொறுத்தது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளன்று வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உண்டோ, அதுதான் அந்த ஆண்டு முழுவதற்கும் கணக்கு. வேண்டிய அளவுக்கு ஒருவர் குறைந்தாலும் டிவிஷன் போய்விடும். டீச்சருக்கு வேறு இடம் கிடைக்கும். பிள்ளைகள் மலையாள வகுப்பின் பின் பெஞ்சுக்குப் போக வேண்டும்.

மேயின் கடைசி வாரம் ஒரு நாள், ஜீப் ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது என்று அனில்குமார் வரவில்லை. கோமளவல்லி தனியாக நடந்தார். போன வருடம் இரண்டாம் வகுப்பில் முன்வரிசையில் நின்று கத்திய தீபுவின் வீட்டுக்கு முதலில் போனார். அவனுடைய அம்மா விலாசினி பழுத்த பலாச்சக்கையை அறுத்துக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெயோடு எழுந்து வந்தாள்.

"வாங்க டீச்சர், நானே உங்கள வந்து காணணும்னு இருந்தேன். நம்ம தீபு டெஸ்ட்டுல பாஸ் ஆயிட்டான், கேட்டியளா?"

"எந்த டெஸ்ட்டு?"

"அந்த இங்கிலீஷ் மீடியத்துலதான். மலையாளம் வாசிச்சான், இங்கிலீஷ் வாசிச்சான். அங்கத்த மேடம் கேட்டாவ, பிள்ள எந்த எல்.கே.ஜி.ல படிச்சான்னு. எல்.கே.ஜி.யும் இல்ல ஒண்ணும் இல்ல, எங்க கோமளவல்லி டீச்சராக்கும்னு நான் பறஞ்சேன்!"

ஒரு தட்டில் சுளைகளை எடுத்து வைத்து டீச்சரின் முன்னால் நீட்டினாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அனிலண்ணன் உங்ககிட்ட பறயல்லியா? ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் டீச்சர், பெறவு அந்த ஸ்கூல் பஸ்ஸுன்னு அண்ணனாக்கும் பறஞ்சது. நீங்க ரெண்டுபேரும் சேந்து தீருமானிச்சதுன்னுல்லா நாங்க நினைச்சோம்."

"நாங்கன்னா ஆரெல்லாம்?"

விலாசினி கள்ளமில்லாமல் சொன்னாள். மேட்டில் அந்தப் பக்கத்து வீடு, இந்தப் பக்கத்து வீடு என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். எல்லாம் பஸ் போர்டு முன்வரிசை. கோமளவல்லி ஒரு சுளையை எடுத்துத் தின்றார். தின்னாமல் எழுந்தால் அவள் வருத்தப்படுவாள். அந்த வீட்டில் அவருக்குக் கொடுக்கப்பட்டது நன்றிதான். அதை எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஜீப் பனச்சமூடு ஜங்ஷனில் நின்றது. அனில்குமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேர் கேட்கும்படியாகவே பேச்சு நடந்தது.

"ஒர்க்ஷாப்புல இருக்குன்னு பறஞ்ச?"

"இப்பதான் எடுத்துக்கிட்டு வாறேன் டீச்சர்."

"எலே அனிலே, எத்தன வருசமா இது? எனக்க கூட ஒரு வீட்டுக்கு வாறதும், மறுநாளு அதே வீட்டுக்கு நீ ஒத்தைக்குப் போறதும்?"

அவன் துணியை மடித்து இருக்கையில் போட்டான். "ஒண்ணாங்கிளாஸ்ல சேருததுக்கு நான் ஆரையும் தடுத்ததில்ல டீச்சர். நான்தானே கூட்டிக்கிட்டு வந்தேன்."

"கூட்டிக்கிட்டு வந்ததும் நீதான், கொண்டு போறதும் நீதான்."

"கேளுங்க. அந்த ஸ்கூல் பஸ்ஸு கீழ ரோட்டுலயே திரும்பிருது. மேடு ஏறணும்னா பத்துப் பன்னிரண்டு பிள்ளையாவது உண்டாவணும்னு பறஞ்சாவ. எனக்க அனகா ஒத்தைக்கு இந்த மழையில அவ்வளவு தூரம் இறங்கிப் போவுமா? சொல்லுங்க."

"உனக்க மவளுக்கு ஒரு பஸ்ஸு வேணும். அதுக்கு எனக்க பிள்ளையளா?"

"அஞ்ச டெஸ்ட்டு வைக்காவ டீச்சர். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைய நான் வேற எஞ்ச போய்ப் பிடிக்க?"

பக்கத்தில் லாட்டரி விற்கிற வினீத் சிரித்துவிட்டான். "டீச்சரே, அது உங்களுக்குள்ள சர்ட்டிபிகேட்டாக்கும்!"

டீச்சர் அவன் பக்கம் திரும்பவில்லை. "பி.டி.ஏ. பிரசிடண்டுன்னு பறஞ்சுக்கிட்டுத் திரியிதியே, வெக்கமா இல்லியா மக்கா?"

மக்கா என்று சொல்லியிருக்காவிட்டால் அவன் பேசாமல் போயிருப்பானோ என்னவோ. அவன் குரல் தாழ்ந்தது. "நான் கேக்கேன்னு கோவப்படப்பிடாது. சங்கரி எந்த ஸ்கூல்ல டீச்சர் படிச்சா?"

சங்கரி டீச்சரின் ஒரே மகள். நெய்யாற்றின்கரையில் ஒரு கான்வென்டில் படித்து, இப்போது கொச்சியில் வேலை பார்க்கிறாள். இது ஊருக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை வருடத்தில் எந்த வாசலிலும், பிள்ளை கேட்டு அவர் நின்றபோதுகூட, யாரும் அதைச் சொன்னதில்லை. ஊர் அவருக்குக் கொடுத்திருந்த மரியாதைகளில் அதுவும் ஒன்று. அன்று அது போயிற்று.

செங்கல் என்ற ஊரிலுள்ள தன் வீட்டுக்கு வந்து கோமளவல்லி நடந்ததைச் சொன்னார். கணவர் சிவதாணு கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எதையும் ஆறப்போட்டுத்தான் பேசுவார்.

"அவன் கேட்டதுல தப்பு உண்டா?" என்றார்.

"கேட்டதுல இல்ல. கேட்டவன்லதான்."

இரண்டு நாள் கழித்து அனில்குமார் பள்ளிக்கு வந்தான். ஜங்ஷனில் பேசியது அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் ஜெயன் சாரும் இருந்தார். "போனது போச்சு டீச்சர். அனகாவ ஆறாம் நாளு கழிஞ்சே நான் கொண்டு போவேன். அதுவரைக்கும் உங்க வகுப்புல இருக்கட்டு. எனக்க வாக்காக்கும்" என்றான். விரல்விட்டுப் பார்த்தால் அனகாவையும் சேர்த்துக் கணக்கு சரியாக நின்றது. ஒரு வருடம் கிடைத்தால் போதும், நந்தனாவை வாசிக்க வைத்துவிடலாம் என்று கோமளவல்லி நினைத்தார். ஜெயன் சாரிடம் அவர் அப்படிச் சொன்னதும் உண்டு.

ஜூன் பிறந்தது. பள்ளி திறந்த அன்று பலூன் கட்டினார்கள், பாயசம் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு பெஞ்சில் அனகாவும் நந்தனாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காலையில் கீழ் ரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் பஸ் முதன்முறையாக மேடு ஏறி வந்தது. பள்ளியின் வாசலைத் தாண்டித்தான் அது போக வேண்டும். ஜன்னலோரத்திலிருந்த தீபு, "டீச்சரே!" என்று கத்திக் கையசைத்தான். கோமளவல்லியும் கையசைத்தார். அவன் மேல் என்ன குற்றம்?

ஆறாம் நாளுக்கு முந்தின நாள் நடந்ததற்கு ஊரில் பல விளக்கங்கள் உண்டு. சங்கரியைப் பற்றிக் கேட்டதில் டீச்சர் மனம் ஒடிந்துவிட்டார் என்கிறார்கள் சிலர். அப்படியானால் அன்றே ஒடிந்திருக்க வேண்டும், இத்தனை நாள் கழித்து ஏன்? ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்கிறார்கள் மலையாள டிவிஷன் டீச்சர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நந்தனாவும் ஒரு பிள்ளைதான். அனில்குமாரை வெட்கப்பட வைப்பதற்குத்தான் என்று அனில்குமாரே சொல்கிறான். அது அவனுடைய கவலை. ஒரு மனிதர் செய்த காரியத்துக்கு அவர் காரணம் சொல்லாதபோது, நமக்குத் தோன்றும் காரணங்களெல்லாம் நம்மைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. நடந்ததை மட்டும் சொல்லலாம்.

அன்று மழை. ஜெயன் சாருக்குப் பாறசாலையில் ஏ.இ.ஓ. என்ற கல்வி அதிகாரியின் அலுவலகத்தில் கூட்டம். போகும்போது அலுவலக அறைச் சாவியைக் கோமளவல்லியிடம் கொடுத்தார். அவர் இல்லாத நாளில் பொறுப்பு மூத்த டீச்சருக்கு.

"டீச்சரே, இன்னைக்கு ஆரு டி.சி. கேட்டு வந்தாலும், சார் இல்ல, நாளைக்கு வாங்கன்னு பறஞ்சா போதும். அதொரு பொய்யும் இல்ல" என்றார்.

"செரி சாரே."

மத்தியானம் பிள்ளைகள் சோறும் பயறும் தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து வாசலுக்குக் கீழே நின்றது. காலையிலிருந்து வகுப்புக்கு வராத அனகா குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக மேலே ஏறி வந்தாள். கையில் மடித்த ஒரு காகிதம்.

"அப்பா எஞ்ச?"

"ஜீப்புல இருக்கு டீச்சர்."

"ஏன் மேல வரேல்ல?"

"டீச்சருக்க மொகத்தப் பாக்க முடியாதுன்னு பறஞ்சுது."

கோமளவல்லி காகிதத்தை வாங்கவில்லை. "என்ன எழுதியிருக்கு? வாசி" என்றார்.

அனகா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். காகிதத்தை இரண்டு கையாலும் விரித்து, பஸ் போர்டு வாசிக்கிற குரலில், மலையாளத்தில் எழுதியிருந்ததை முழுவதும் வாசித்தாள். மகளின் டி.சி.யை இன்று மாலைக்குள் புதிய பள்ளியில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், தயவுசெய்து தர வேண்டும் என்று அவளுடைய அப்பா எழுதியிருந்தார். கூட்டெழுத்து எதிலும் அவள் தடுக்கவில்லை. பெஞ்சிலிருந்த நந்தனா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும், பழக்கத்தில், "செரியா டீச்சர்?" என்று கேட்டாள்.

"செரிதான்."

கோமளவல்லி அலுவலக அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார். மலையாள டிவிஷன் டீச்சர் விமலகுமாரி சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சரே செய்யிதிய? சார் பறஞ்சது மறந்து போச்சா?"

கோமளவல்லி அனகாவின் அட்மிஷன் நம்பரைத் தட்டினார்.

"நாளைக்குச் சாயங்காலம் குடுங்க. அவன் வாக்குத் தந்தவன்தானே? அந்த ஸ்கூல்காரங்களுக்கு வேணும்னா நான் போன் பண்ணிப் பறயிறேன். டீச்சரே, அந்த ஜீனாவுக்க பிள்ளைய நினைச்சுப் பாருங்க."

பிரிண்டர் ஈரத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டது. கோமளவல்லி மூடியைத் திறந்து, கசங்கியதை எடுத்துவிட்டு, வேறு காகிதம் வைத்தார். வந்ததும் ஒருமுறை பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தார். பொறுப்பு ஹெட்மாஸ்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு அனகாவிடம் கொடுத்தார். அவள் படியிறங்கி ஜீப்பில் ஏறும்வரை வராந்தாவில் நின்றார்.

மாலையில் ஜெயன் சார் நனைந்துகொண்டு வந்தார். அவர் வந்துகொண்டிருந்தபோதே விமலகுமாரி போனில் சொல்லியிருந்தார்.

"ஏன் டீச்சர்?" என்றார்.

"சாவி மேசமேல இருக்கு சாரே" என்று சொல்லிவிட்டு கோமளவல்லி பஸ்ஸுக்கு இறங்கினார்.